சின்ன நாய் என்றால் சத்தம் போடாதா?

"அப்பா, நாமளும் ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்ப்பா..."

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பல வீடுகளில் ஆரம்பிக்கிற பல்லவி இது. "இருக்கிறது ரெண்டு ரூம். இதுல நாய் வேறயா?" என்பார் அம்மா. பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்த்து அப்பா மெல்ல இறங்கி வருவார். "சரி, சின்னதா, சத்தம் போடாத ஜாதியா ஒண்ணு பார்ப்போம்" என்று முடிவாகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குட்டி வீட்டுக்குள் உருண்டு வரும்.

ஆறு மாசம் கழித்து காலிங் பெல் அடிக்கும். வாசலில் பக்கத்து ஃப்ளாட்காரர்! "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஆபீஸ் கிளம்பினதுல இருந்து சாயந்திரம் வரைக்கும் குரைச்சுக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுல வயசானவங்க இருக்காங்க..." இதற்குப் பிறகு பல குட்டிகளின் கதி என்ன தெரியுமா? ஊரில் இருக்கும் யார் தலையிலாவது கட்டப்படும். ஆள் கிடைக்காவிட்டால் தெருதான்!

பாவம், அந்த நாய் என்ன செய்யும்? 'சின்னது' என்றால் 'அமைதியானது' என்று நாமாக நினைத்துக்கொண்டதால் வந்த வினை இது. நாயின் உருவம் வேறு, குணம் வேறு. அதனால் நாயைப் பார்க்கப் போவதற்கு முன்னால், உங்கள் வீட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

உங்களுக்கு ஐந்து கேள்விகள்

ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

1. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை வீட்டில் யார் இருப்பார்கள்? 'யாரும் இல்லை' என்றால் எந்த ஜாதி நாயும் அமைதியாக இருக்காது. தனிமையில்தான் நாய் அதிகம் குரைக்கும், ஊளையிடும், சோபாவைக் கடித்துக் குதறும்.

2. காலையும் மாலையும் அரை மணி நேரம் யார் வெளியே கூட்டிப்போவது? "நான் போறேன்" என்று பிள்ளைகள் கை தூக்குவார்கள். ஸ்கூல் திறந்த மறுநாளே அந்த வேலை அம்மாவின் தலையில் விழும்!

3. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி உண்டா?

4. ஊருக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வது?

5. சின்ன ஜாதி நாய்கள் சாதாரணமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் வாழும். இன்று ஐந்தாவது படிக்கும் உங்கள் பையன் வேலைக்குப் போகும் வரை அது இருக்கும். அதுவரை நீங்கள் தயாரா?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டதா? இனி ஜாதகம் பார்க்கலாம்.

குட்டிகளின் ஜாதகம்

*பொமரேனியன்:* நம் ஊரில் 'பாம்' என்று செல்லமாகச் சொல்வார்களே, அதுதான். இங்கே அந்தப் பெயரில் வளர்வதில் நிறைய, உண்மையில் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்ற ஜாதி. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இந்திப் படத்தில் நடித்ததும் அந்த வகைதான். கெட்டிக்கார நாய். ஆனால் வாய் அதிகம். லிஃப்ட் சத்தம், பால்காரர் செருப்புச் சத்தம், எதிர்வீட்டுச் சாவிச் சத்தம்... எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும்!

*டாஷ்ஹண்ட்:* குட்டைக் கால், நீள உடம்பு. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கப்பட்டது. வளைக்குள் இருந்து குரைத்தால் மேலே நிற்பவருக்குக் கேட்க வேண்டுமே? அதனால் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். மாடிப்படி ஏறி இறங்குவது, கட்டிலிலிருந்து குதிப்பது இரண்டும் இதன் முதுகெலும்புக்கு ஆகாது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

*பீகிள்:* முகத்தைப் பார்த்தால் அப்பாவி. ஆனால் இங்கிலாந்தில் கூட்டமாக முயல் வேட்டைக்குப் போன பரம்பரை. ஊளையிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும். ஓட இடமும் வேண்டும்.

*லாசா ஆப்சோ:* திபெத்திய மடாலயங்களில் உள்காவல் காத்த நாய். புது ஆள் வந்தால் எச்சரிக்கை கொடுப்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

*ஷீட்சூ:* சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்ச வளர்த்தது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் குரைப்பது குறைவு. கொஞ்ச நேரம் நடந்தால் போதும். ஆனால் முடியைத் தினமும் சீவ வேண்டும். ரெண்டு நாள் விட்டால் சிக்கு விழும், உள்ளே தோல் புண்ணாகும். உண்ணி ஏறினாலும் தெரியாது.

*பக்:* 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடியதே, அதே நாய். அதற்குப் பிறகு நம் ஊரில் இதற்கு ஏக கிராக்கி. அதிகம் குரைக்காது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் பத்துப் பொருத்தமும் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால், இதற்கு வெயில் ஆகாது.

வெயில் எனும் எமன்

நம்மைப் போல நாய்க்கு உடம்பு முழுவதும் வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பக், ஷீட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். அதனால் சூடு உள்ளேயே தங்கிவிடும். பக் 'கொர் கொர்' என்று குறட்டை விடுவதை நாம் ரசிக்கிறோம். பல சமயம் அது மூச்சுவிடச் சிரமப்படும் சத்தம்!

சென்னை, மதுரை, திருச்சி, வேலூர் வெயிலில் இந்த ஜாதிகளை வளர்ப்பவர்கள் கோடையில் விடிவதற்குள் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் மொட்டை மாடியில் கட்டவே கூடாது. பூட்டிய காரில் ஐந்து நிமிஷம்கூட விடக்கூடாது. உடம்பு பெருக்கவும் விடக்கூடாது.

அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறதா? எச்சில் கெட்டியாக ஒழுகுகிறதா? நாக்கும் ஈறும் கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடுகிறதா? உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பெல்லாம் நனைய தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். வெயிலில் கொதிக்கும் மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம், நிழலில் இருக்கிற வாளித் தண்ணீர் நல்லது. அப்படியே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். "கொஞ்ச நேரத்துல சரியாகிடும்" என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்துமா உள்ள வீடா?

"முடி கொட்டாத ஜாதி சார், அலர்ஜியே வராது" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். அலர்ஜியைக் கிளப்புவது நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம். முடி வெறும் வாகனம்தான். அலர்ஜியே தராத நாய் என்று ஒன்று கிடையாது. ஆஸ்துமா உள்ளவரை, நாய் வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு ஒரு முறைக்கு நாலு முறை கூட்டிப்போய்ப் பாருங்கள். தும்மல், இழுப்பு வந்தால் டாக்டரைக் கேட்காமல் நாய் வாங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்து வாங்கினாலும் படுக்கையறைக்குள் விடாமல் இருப்பது நல்லது.

எங்கே, எப்படி வாங்குவது?

2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி ரெண்டு மாசம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சீக்கிரமே தாயை விட்டுப் பிரிந்த குட்டி பயந்த சுபாவத்தோடு வளரும். பயந்த நாய்தான் அதிகம் குரைக்கும், கடிக்கவும் செய்யும்.

குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் சாந்தமாக இருந்தால் நல்ல அறிகுறி. காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகங்களில் ரெண்டு, மூன்று வயசு ஆன நாயைத் தத்தெடுக்கலாம். குட்டி எப்படி வளரும் என்பது லாட்டரி மாதிரி. வளர்ந்த நாயின் உருவம், குரல், குணம் எல்லாம் கண் எதிரே தெரியும். நம் நாட்டு நாய் கொஞ்சம் பெரிசுதான். ஆனால் குட்டை முடி, நீள மூக்கு. நம் வெயிலுக்கே பிறந்தது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று ஆசைப்பட்டால் மட்டும் ஃப்ளாட் போதாது. அவை ஓடுவதற்கென்றே பிறந்த வேட்டை நாய்கள்.

ஊசியை மறக்காதீங்க!

சின்ன நாய் கடித்தாலும் கடி, கடிதான். ரேபீஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் தடுப்பது சுலபம். குட்டிக்கு மூன்று மாசம் ஆனதும் ரேபீஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, அப்புறம் வருஷா வருஷம். டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் இதற்கு முன்பே, ஆறேழு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் ஊர் மாநகராட்சியில் லைசென்ஸும் எடுத்துவிடுங்கள்.

நாய் கடித்தாலோ, பல், நகம் பட்டுக் கீறினாலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே' என்ற அலட்சியம் வேண்டாம். திட்டுவார்களோ என்று பயந்து குழந்தைகள் கடியை மறைப்பதுண்டு. "எது நடந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அமைதிக்கு ஒரே மந்திரம்

காலையில் நன்றாக நடந்து, வயிறு நிறைந்து, விளையாடக் கொஞ்சம் பொம்மையும் கிடைத்த நாய் பகலில் பெரும்பாலும் தூங்கும். குரைக்கும்போது நீங்களும் சேர்ந்து கத்தினால், "ஓ, இவரும் குரைக்கிறார்" என்று அதற்கு உற்சாகம் கூடும். அது வாயை மூடிய அந்த நொடியில் தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட் துண்டு கொடுங்கள். முதல் வாரத்திலிருந்தே ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று தனியாக இருக்கப் பழக்குங்கள்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா? தாராளமாக வாங்குங்கள், உங்கள் வீடு கலகலப்பாகும். நேரம் இல்லையா? "இப்ப வேண்டாம்டா கண்ணா, தாத்தா ரிட்டயர் ஆகி நம்மகூட வந்ததும் வாங்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். பிள்ளை ரெண்டு நாள் அழுவான், சமாதானமாகிவிடுவான். தெருவில் விடப்பட்ட நாயை யார் சமாதானப்படுத்துவது, சொல்லுங்கள்!