காலையில் ஏன் உடம்பு வலிக்கிறது?

"முதுகுவலிக்குக் கட்டாந்தரையே மேல்" என்று நம்மவர்கள் கரியாஹாட் மெத்தைக் கடையில்கூட வாதாடுவார்கள். ரயில் பாதை போட்டவனுக்கு இது ஒப்பவில்லை. ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி கொட்டுவதே பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவத்தான். (ஸ்லீப்பருக்கே படுக்கை வேண்டியிருக்கிறது!) தரையில் படுத்தால் தோளும் இடுப்புமே பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. 2003-ல் ஸ்பெயினில் 313 முதுகுவலிக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், கடினமான மெத்தையைவிட நடுத்தரமானதே அதிக நிவாரணம் தந்தது.

பஞ்சு கட்டிதட்டியிருந்தால், குளிர்காலத்தில் வில்லோடு வரும் துனுரியிடம் கொடுத்து அடித்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுப்பவர்கள் வங்காளிகளின் பாஷ்பாலிஷை முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொண்டால் இடுப்பு முறுக்காது.

இரவில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனிந்து வாளி தூக்காதீர்கள்; ஒரு மணி நேரம் போகட்டும். விறைப்பு தினமும் அரைமணிக்கு மேல் நீடித்து மூட்டும் வீங்கினால், மெத்தையை மாற்றிக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.