சண்டை நாய் வீட்டு நாய் ஆகுமா?

2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல் உட்பட 23 வகை நாய்களுக்குத் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது ஞாபகம் இருக்கலாம். கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அந்தச் சமயம் ஆபீஸ் லஞ்ச்சில் ஒரு நண்பர், "அதோட ரத்தத்துலயே வெறி இருக்குங்க, வளர்ப்பெல்லாம் வேலைக்கு ஆகாது" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு.

2007-ல் வர்ஜீனியாவில், பிரபல கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் பண்ணை வீட்டில் நாய்ச்சண்டைக் கும்பல் பிடிபட்டது. (கால்பந்து என்றால் அவங்க ஊர் ஃபுட்பால், நம்ம ஃபுட்பால் இல்லை.) விக்குக்கு 23 மாதம் சிறை. அரசு பறிமுதல் செய்த நாய்கள் மேல் தனி வழக்கு. அதன் பெயரே 'அமெரிக்கா எதிர் சுமார் 53 பிட்புல் நாய்கள்'!

அதுவரை இந்த மாதிரி நாய்களுக்கு வழக்கமான முடிவு ஊசி போட்டுக் கொல்வதுதான். பெரிய விலங்கு நல அமைப்புகளே அப்படித்தான் சொல்லின, பீட்டா உட்பட. ஆமாம், ஜல்லிக்கட்டு சமயத்தில் நாம் கேள்விப்பட்ட அதே பீட்டா.

இந்த முறை நீதிமன்றம் வேறு வழியில் போனது. ஒரு நிபுணர் குழு 49 நாய்களைத் தனித்தனியாகச் சோதித்தது. சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் என்ன செய்கிறது, குழந்தை அளவு பொம்மையைப் பார்த்தால் என்ன செய்கிறது, இன்னொரு நாய் எதிரே வந்தால்? மூர்க்கம் காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. உடல்நிலை மோசமாகி இன்னொன்று போனது. மீதி 47 பிழைத்தன. மென்பொருள்காரன் பார்வையில் சொன்னால், லேபிளை நம்பாமல் ஒவ்வொன்றாக டெஸ்ட் செய்தார்கள், அவ்வளவுதான்.

பல நாய்களின் பிரச்சினை வெறி இல்லை, பயம். ஆள் வந்தால் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். 'பேன்கேக் நாய்கள்' என்று பெயர் வைத்தார்கள். நம்ம ஊராக இருந்தால் தோசை என்றிருப்போம். மண்ணில் புதைத்த கார் ஆக்ஸிலில் சங்கிலியால் கட்டப்பட்டு வளர்ந்தவை. மாடிப்படி, கண்ணாடிக் கதவு எல்லாமே அவற்றுக்குப் புதுசு.

இங்கேதான் 'ஃபாஸ்டர்' வருகிறது. நாய் மீட்பு அமைப்பின் பொறுப்பிலேயே இருக்கும்; ஒரு குடும்பம் சில மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். காப்பகக் கூண்டுக்குள் ஒரு நாயின் உண்மையான குணம் தெரியாது. குரைப்பதே பயத்தில் இருக்கலாம், சும்மா கிடப்பதும் பயத்தில் இருக்கலாம். வீட்டுக்கு வந்தாலும் முதல் சில வாரம் விருந்தாளிகளைக் காட்டக் கூடாது. அந்த வீட்டு நாயோடு உடனே விடக் கூடாது. நடுவில் கதவோ கேட்டோ இருக்க வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். 22 நாய்களை எடுத்துக்கொண்ட யூட்டாவின் 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' காப்பகத்தில், பல நாய்களுக்கு நீதிமன்றமே நிபந்தனை போட்டது: நன்னடத்தைத் தேர்வில் பாஸாக வேண்டும், ஆறு மாதம் ஃபாஸ்டரில் இருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தத்து.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் பொய். லூக்காஸ் மனிதர்களிடம் வாலை ஆட்டிக்கொண்டு வரும். ஆனால் பழைய சண்டை சாம்பியன் என்பதால் வெளியே தரவே கூடாது என்று உத்தரவு. 2013-ல் சாகும்வரை காப்பகத்திலேயே இருந்தது. மெரில் என்ற நாய்க்கும் அதே உத்தரவு. அதற்குப் புது ஆட்களைக் கண்டால் ஆகாது. சில நாய்கள் மற்ற நாய்களோடு கடைசிவரை சேரவில்லை. பலமான தாடை உள்ள நாய், தப்பு நடந்தால் சேதமும் பெரிசு. தத்தெடுப்பவர் இதைத் தெரிந்துதான் எடுக்க வேண்டும். நண்பரின் பயத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

செலவு? பராமரிப்புக்காக விக் கட்ட வேண்டியிருந்தது சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர். எல்லா மீட்பு நாய்க்கும் இப்படிப் பணம் கிடைக்காது. அதனால்தான் அங்கே ஃபாஸ்டர் வீடுகளுக்கு இவ்வளவு கிராக்கி. அதிலும் பல வாடகை வீடுகளில் பிட்புல்லுக்கு அனுமதி கிடையாது.

ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், படிக்கத் தயங்கும் குழந்தைகள் சத்தமாக வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வேலைக்குப் போனது. கடைசியாக உயிரோடு இருந்தது ஃப்ரோடோ. 2021 டிசம்பரில், கலிஃபோர்னியாவில் தன்னைத் தத்தெடுத்த குடும்பத்தோடு இருந்தபோது இறந்தது. வயது சுமார் 15.