எழுந்தவுடன் கண் இருட்டுவது ஏன்?

நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்கு ஓரிரு நொடி கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடும். “உடம்புல ரத்தமே இல்ல, பீட்ரூட் சாப்பிடு” என்று வீட்டில் உடனே வைத்தியம் சொல்வார்கள். ரத்தசோகையும் ஒரு காரணமாகலாம்தான். ஆனால் பலருக்கு ரத்தம் போதுமான அளவு இருக்கிறது. அந்த நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிப் பாடத்தில் ரத்த ஓட்ட மண்டலமும் நரம்பு மண்டலமும் தனித்தனிப் பாடங்கள். தேர்வுக்கு அது வசதி. உடம்போ எழுந்து நிற்பதற்குக்கூட இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறது.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எழுந்து நின்றவுடன் அதில் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை புவியீர்ப்பால் கால்களிலும் வயிற்றுப் பகுதிச் சிரைகளிலும் இறங்கித் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது. ரத்த அழுத்தமும் இறங்குகிறது. பாதிப்பை முதலில் உணர்வது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மூளை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. ரத்த ஓட்டம் முழுமையாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும்.

அப்படி நேராமல் காப்பவை கழுத்தில் இருக்கின்றன. தாடையின் மூலைக்குக் கீழே, நாடி துடிப்பதை விரலால் உணர முடிகிற இடத்தில், தலைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரிகிறது. (இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்காதீர்கள், வயதானவர்களில் சிலருக்கு அங்கே லேசாக அழுத்தினாலே துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வந்துவிடும்.) அந்தப் பிரிவின் சுவரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இதே போன்றவை உண்டு. அழுத்தத்தில் தமனிச் சுவர் விரியும்போது இவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்துக்கு இடைவிடாமல் சமிக்ஞை அனுப்புகின்றன. அழுத்தம் இறங்கினால் சமிக்ஞை குறைகிறது. முகுளம் அந்தக் குறைவையே ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது.

உடனே இரண்டு ஆணைகள் புறப்படுகின்றன. ஒன்று, வேகஸ் நரம்பு இதயத்தின் மீதுள்ள பிடியைத் தளர்த்துகிறது. ஓரிரு துடிப்புக்குள் இதயம் வேகமெடுக்கிறது. மற்றொன்று பரிவு நரம்புகள் வழியே போகிறது. கால், வயிற்றுப் பகுதி ரத்தக் குழாய்களை இறுக்கி, தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இது பலன் தரச் சில நொடிகள் ஆகும். கண் இருட்டுவது அந்த இடைவெளியில்தான்.

வேகஸின் பிடி எவ்வளவு வலுவானது என்பதை மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் காணலாம். அறுவை சிகிச்சையில் ரத்தக் குழாய்களைத் தைத்து இணைப்பார்கள். அறுபட்ட நரம்புகளை இணைக்க முடியாது. இருந்தும் இதயம் துடிக்கிறது, ஏனெனில் துடிப்பைத் தொடங்கும் செல்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் நம்முடையது ஓய்வில் நிமிடத்துக்கு 70 முறை போலத் துடிக்க, அவர்களுடையது 90 முதல் 110 வரை ஓடும். மாடிப்படி ஏறினால் துடிப்பு உடனே அதிகரிக்காது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகே மெல்ல ஏறும். உட்கார்ந்த பின்னும் சட்டென்று இறங்காது.

வெயிலில் காலை வழிபாட்டுக்கு நிற்கும் மாணவர்களில் ஒருவர் சரிந்து விழுவது பள்ளிகளில் பழகிய காட்சி. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலேற்றும். அசையாமல் நின்றால் அந்த உதவி இல்லை. வெயிலில் தோலின் குழாய்கள் வேறு விரிந்துகொள்ளும். ஒரு கட்டத்தில் நரம்புகள் தலைகீழாக நடந்து, இதயத்தை மெதுவாக்கிக் குழாய்களையும் தளர்த்திவிடுகின்றன. விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து சோடா கொடுப்பது நம் வழக்கம். அது தவறு. படுத்த நிலையில்தான் ரத்தம் தலைக்குத் தடையின்றிப் போகும். அப்படியே கிடத்தி, கால்களைச் சற்று உயர்த்தினால் போதும். ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டால் மருத்துவ உதவி தேவை.

இளைஞர்களுக்குப் பெரும்பாலும் இது வந்து போகும் தொல்லை. முதியவர்களுக்கு அப்படியல்ல. பல ஆண்டு நீரிழிவு இந்த நரம்புகளையே சிதைக்கிறது. பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகளும் அழுத்தத்தை இறக்கக்கூடும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கோளாறாகவே கணக்கில் எடுக்கிறார்கள். இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுவே.

ஆனால் கிளினிக்கில் பெரும்பாலும் உட்காரவைத்துத்தான் பிரஷர் பார்க்கிறார்கள். அந்த அளவில் இது அகப்படாது. வீட்டுப் பெரியவருக்கு எழும்போது தலைசுற்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கும்படி கேளுங்கள்.