கம்பியில்லாத் தீயறிவிப்பு அமைப்பிற் பழுதறிதல்: சில குறிப்புகள்

2017 யூன் 14ஆம் நாள் இலண்டன் வட கென்சிங்டனிலுள்ள கிரென்பெல் கோபுரத்தில் மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். செலவைக் குறைக்கும் நோக்குடன் தெரிவுசெய்யப்பட்ட, எளிதிற் பற்றக்கூடிய வெளிச்சுவர்த் தகடுகள் தீயை அரைமணி நேரத்துள் 24 மாடிகளின் உச்சிவரை ஏற்றின. இதன் பின்னர், அத்தகைய தகடுகள் கொண்ட ஏனைய தொடர்மாடிகளில், வீட்டினுள்ளேயே தங்கியிருக்கும் பழைய நடைமுறை கைவிடப்பட்டது; யாவரும் ஒருங்கே வெளியேறுவதே வழியாயிற்று. இரவு பகலாக மாடிகளைச் சுற்றிவரும் காவலர் அமர்த்தப்பட்டனர். அச்செலவு பல இடங்களிற் குடியிருப்போர் தலையிலேயே விழுந்தது. தகட்டைத் தெரிவுசெய்தவர்கள் அவர்களல்லர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காவலுக்குப் பதிலாகத் தீயறிவிப்புக் கருவிகளைப் பொருத்துவதற்கென 2020 டிசெம்பரில் அரசு 30 மில்லியன் பவுண் நிதியொன்றை அறிவித்தது. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கவேண்டியதில்லையாதலின், விரைவிற் பொருத்தத்தக்க கம்பியில்லா அமைப்பு இக்கட்டடங்களுக்கு வாய்ப்பானதாயிற்று.

மனிதக் காவலின் இடத்தைக் கருவி பெறும்போது, அக்கருவியின் நலத்தை அறிவது எவ்வாறு என்னும் வினா எழுகின்றது. நலமுள்ள உணரியும் மௌனமாயிருக்கும். செயலற்ற உணரியும் மௌனமாயிருக்கும். இவ்விரு மௌனங்களையும் வேறுபடுத்தற்பொருட்டே ஒவ்வோர் உணரியும் குறித்த இடைவெளிகளிற் சிறு வானொலிச் செய்தியொன்றை அனுப்பித் தன் இருப்பை உணர்த்துகின்றது. தொடர்பு அறுமாயின் அதனை 300 செக்கன்களுள் அமைப்பு இனங்காணுதல் வேண்டும் என்பதும், 100 செக்கன்களுள் மையப் பலகையிற் காட்டுதல் வேண்டும் என்பதும் ஈஎன் 54-25 என்னும் ஐரோப்பிய நியமத்தின் விதிகளாம். மஞ்சள் விளக்கும் கீச்சொலியும் அவ்வாறு எழுவனவே. கீச்சொலியை அடக்குவது பழுதை நீக்குவதாகாது.

பலகை காட்டுவது அறிகுறியை மட்டுமே. ‘தொடர்பில்லை’ என்ற ஒரே சொற்றொடருக்குப் பின்னால் பற்றறி, உணரி, இடைவழி, இடைநிலையம் ஆகிய நான்கில் எதுவும் நிற்கலாம். எனவே பழுது ஒரு கருவிக்கா, பலவற்றுக்கா என்பதையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும். ஒரே இடைநிலையத்தைச் சார்ந்த பல உணரிகள் ஒருங்கே மறைந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது வீண்வேலை. இடைநிலையத்தின் மின்வழங்கலையும் அன்ரனாவையும் பார்த்தல் வேண்டும். ஓர் உணரி மட்டும் மறைந்தால், அதனை இடைநிலையத்தின் அருகே கொண்டுசென்று சோதிக்கலாம். அங்கு அது நன்கு பேசுமாயின் குறை பெரும்பாலும் இடைவழியிலேயே உள்ளது: புதிதாக வைத்த உலோக அலுமாரி, ஈயத்தாள் போன்ற பூச்சுக்கொண்ட வெப்பக்காப்புப் பலகை, மூடப்பட்ட தீக்கதவு என்பன வானொலி அலையை நலியச் செய்வன. எங்கு வைத்தாலும் பழுது கூடவே வருமாயின் குறை கருவியினதே. நேரக்குறிப்பும் பயனுடையது. இரவில் மட்டும் தோன்றும் பழுது, கதவுகள் அடைபடுவதையோ குளிரிற் பற்றறி தளர்வதையோ சுட்டக்கூடும்.

பற்றறி விடயத்தில் ஓர் எச்சரிக்கை. சும்மா இருக்கும்போது அளந்தால் மூப்படைந்த பற்றறியும் போதிய வோல்ற்றளவு காட்டும்; உணரி செய்தி அனுப்பும் கணத்திலேயே அது சரியும். ஆதலின் சுமையின்கீழ் அளத்தல் வேண்டும். மாற்றும்போது உற்பத்தியாளர் குறித்த வகையையே இடுதலும், ஓர் உணரியிலுள்ள எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுதலும் அவசியம்.

மிகக் கேடானது, திரும்பத் திரும்ப முறையிடும் உணரியைப் பலகையில் முடக்கிவிடும் வழக்கமாகும். மிகக் குறைந்த விலைக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்கப்படுமிடத்துத் தொழிலாளிக்கு ஒரு வீட்டில் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்களே. முடக்குதல் அவரது சோம்பலன்று, அவ்விலையின் விளைவு. முடக்கப்பட்ட உணரியின் வீட்டில் உறங்குவோர் அதனை அறியார்.

திருத்தத்தின் பின் மஞ்சள் விளக்கு அணைவது தொடர்பு மீண்டதற்கே சான்று. தூசியடைந்த உணரியும் ஒழுங்காகப் பேசும். சோதனைப் புகையைச் செலுத்தி, அவ்வீட்டு ஒலிப்பானும் ஒலிக்கின்றதா எனக் கேட்டு, கதவுகளை அடைத்த நிலையில் அலைவலிமையை அளந்து, அவ்வெண்ணைத் திகதியுடன் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்துப் பழுது தோன்றும்போது வருபவருக்கு ஒப்பிட்டு நோக்க ஓர் அளவு கிடைக்கும்.