நண்டு நெபுலா எல்லை மீறியது எப்படி?

எக்ஸ் கதிர் வானியலாளர்களுக்கு நண்டு நெபுலா ஓர் அளவுகோல். மற்ற வான்பொருள்களின் பிரகாசத்தை ‘இத்தனை கிராப்’ (நண்டு) என்றே கணக்குச் சொல்வார்கள். 1054-இல் சீனர்கள் குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் பல்சார்.

நம்பிக்கைக்குரிய அந்த அளவுகோலே 2010 செப்டம்பரில் ஆட்டம் கண்டது. நெபுலாவின் காமா கதிர்வீச்சு சில நாள்களுக்கு மட்டும் எகிறியதை இத்தாலியின் அஜைல், நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. 2011 ஏப்ரலில் இன்னும் பெரிய சீற்றம். வழக்கத்தைவிட ஏறத்தாழ 30 மடங்கு.

வெளிச்சம் கூடியதைவிட அந்த ஒளியின் ஆற்றல்தான் ஆய்வாளர்களைக் குழப்பியது. காந்தப் புலத்தில் வளைந்து ஓடும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். மின்புலம் அதை முடுக்கி ஈடுகட்டும். ஆனால் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த பிளாஸ்மாவில் வழக்கமாக மின்புலத்தின் வலு காந்தப் புலத்தை மிஞ்சாது. வரவையும் செலவையும் நேர்செய்து பார்த்தால், இப்படிப் பிறக்கும் ஒளித்துகளுக்குச் சுமார் 160 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான் உச்சவரம்பு. காந்தப் புலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த எண் அசையாது. 2011 சீற்றத்தின் ஒளியோ 375 அருகே உச்சம் தொட்டது.

இந்த வரம்பு எப்படி மீறப்பட்டது என்று அறியத் தாளில் போடும் கணக்கு போதாது. துகள்களையே கணினியில் ஓடவிட வேண்டும். புனேமன், டாசன் போன்றோர் அரை நூற்றாண்டுக்கும் முன்பே தொடங்கிவைத்த முறை இது. வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலம், காந்தப் புலம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அந்தப் புலம் துகள்களைத் தள்ளும். நகரும் துகள்கள் மின்னோட்டமாகும். மின்னோட்டம் புலத்தையே மாற்றிவிடும். மறுபடி முதலிலிருந்து, லட்சக்கணக்கான சுற்றுகள்கூடப் போகும். எல்லா எலக்ட்ரானையும் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. மாதிரி, கோடானுகோடி துகள்களுக்கு ஒரே பிரதிநிதித் துகள்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் செருட்டி, உஸ்டென்ஸ்கி குழுவினர் இந்தச் சுற்றில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஒளி உமிழ்வதால் துகளுக்கு விழும் பின்னிழுப்பு. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு காந்தப் புலங்களை நெருக்கிவைத்து ஓட்டினார்கள். புலக்கோடுகள் அறுந்து புதிதாக இணைந்தன. காந்த மறுஇணைப்பு என்பது இதைத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு. அங்கே காந்தப் புலம் ஏறக்குறைய இல்லை, மின்புலம் மட்டும் வலுவாக இருக்கிறது. உள்ளே சிக்கிய துகள் நடுக்கோட்டை இப்புறமும் அப்புறமும் தாண்டித் தாண்டி ஓடியது. ஆற்றல் ஏற ஏற அந்த ஊசலாட்டம் குறுகியது. ஆற்றலை அதிகம் செலவழிக்காமலே துகள் சேர்த்துக்கொண்டே போனது. அடுக்கைவிட்டு வெளியேறி வலுவான காந்தப் புலத்தில் நுழைந்ததும், சேர்த்ததை எல்லாம் ஒரே வீச்சில் கக்கியது. அந்த ஒளி 160-ஐத் தாண்டியது. அதுவும் குறுகிய கற்றையாக வருவதால், நம் பக்கம் திரும்பும் சற்று நேரம் மட்டும் பளிச்சிடும். சீற்றம் மணிக்கணக்கில் ஏறி இறங்குவது ஏன் என்பதற்கும் இதுவே விடையாக இருக்கலாம்.

சீற்றத்துக்குத் தேவையான எலக்ட்ரானின் ஆற்றல் ஆயிரம் டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். ஜெனீவா அருகே உள்ள எல்.எச்.சி. முடுக்கியில் ஒரு புரோட்டானுக்குக் கிடைப்பது 6.8 டெரா.

ஆனால் செருட்டி குழுவின் கணக்கு, மெல்லிய அடுக்கை முன்கூட்டியே அமைத்துக்கொண்டுதான் தொடங்கியது. நெபுலாவுக்குள் அது தானாக உருவாவதைக் கணினி காட்டவில்லை. முப்பரிமாணத்தில் ஓட்டியபோது அடுக்கு நெளிந்து குலைந்து, முடுக்கத்தைக் கெடுத்தது. குறுக்கே கொஞ்சம் காந்தப் புலம் சேர்த்த பிறகே நிலைகொண்டது. சந்திரா, ஹபிள் தொலைநோக்கிகள் துருவிப் பார்த்தும் சீற்றம் கிளம்பிய இடம் பிடிபடவில்லை. காந்த மறுஇணைப்பை இப்போதைக்கு முதல் சந்தேக நபர் என்று சொல்லலாம், வழக்கு முடிந்துவிடவில்லை.