பயணத்திற்கேற்ற மின்னூட்டுப் பை

முற்காலத்தில் பினாங்குத் தமிழர்கள் தாயகம் செல்லக் கப்பலையே நம்பியிருந்தனர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்த ‘ரஜூலா’ கப்பலின் பெயரை மூத்தோர் பலர் இன்றும் நினைவில் வைத்துள்ளனர். அன்றைய பயணிகள் டிரங்குப் பெட்டிகளில் துணிமணிகளையும் உணவுப் பொருள்களையும் அடுக்கிச் சென்றனர். இன்றோ நிலைமை மாறிவிட்டது. 2024 டிசம்பர் 21 அன்று பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே இண்டிகோ நிறுவனத்தின் நேரடி விமானச் சேவை தொடங்கியது. பல நாள் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

பயணம் சுருங்கினாலும் நம் பையில் புதிய சுமை ஒன்று சேர்ந்துள்ளது. திறன்பேசி, மடிக்கணினி ஆகியவற்றுக்குத் தேவையான மின்னூட்டிகள், கேபிள்கள், பவர் பேங்க் எனப்படும் கையிருப்பு மின்கலங்கள் முதலியவையே அச்சுமை. பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, வரைபடம், உறவினரின் முகவரி, பணம் ஆகிய அனைத்தும் இன்று திறன்பேசிக்குள் அடங்கிவிட்டன. அந்நிய ஊரில் அதன் மின்சாரம் தீர்ந்துபோனால் பயணி வழியறியாது நிற்க நேரிடும். ஆகவே, இக்கருவிகளைத் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு பையில் அடக்கும் முறையை அறிந்திருப்பது நன்று. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கருவிகளின் மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்களைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்தால் போதும்.

பிளக்கின் வடிவம்

நம் நாட்டில் பயன்படும் பிளக்கில் மூன்று செவ்வக முனைகள் உள்ளன. இந்தியாவில் பயன்படும் பிளக்கிலோ உருண்டையான முனைகள் உள்ளன. இரு நாடுகளும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தவை. அப்படியிருந்தும் இந்த வேறுபாடு ஏன் எழுந்தது?

உருண்டை முனைப் பிளக்கே பிரிட்டனின் பழைய வடிவம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டில் வீடுகளைப் பெருமளவில் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. செம்புக் கம்பியைச் சிக்கனப்படுத்தும் புதிய மின்கம்பி அமைப்பு முறை அப்போது நடைமுறைக்கு வந்தது. அம்முறைக்கு ஏற்றவாறு, உள்ளேயே உருகி பொருத்தப்பட்ட செவ்வக முனைப் பிளக்கிற்கான தர விதி 1947ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் விடுதலை பெற்ற இந்தியா பழைய உருண்டை முனையையே தொடர்ந்து பயன்படுத்தியது. மலாயாவும் சிங்கப்பூரும் புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டன. இதனால்தான் ஜார்ஜ்டவுனில் வாங்கிய மின்னூட்டி சென்னையில் உள்ள சாக்கெட்டில் நுழைவதில்லை.

இதற்குத் தீர்வு அடாப்டர் எனப்படும் பிளக் மாற்றியாகும். அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும்; மின்னழுத்தத்தை மாற்றாது. இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவிலும் இந்தியாவிலும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் இவ்விரு நாடுகளுக்கிடையே அடாப்டர் ஒன்றே போதுமானது. ஜப்பானில் 100 வோல்ட்டும் அமெரிக்காவில் 120 வோல்ட்டும் பயன்படுகின்றன. அங்குச் செல்வோர் மின்னூட்டியின் மேல் ‘உள்ளீடு 100–240 வோல்ட்’ எனும் பொருளில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு இருந்தால் அது எந்நாட்டு மின்சாரத்திற்கும் ஏற்றதாகும். திறன்பேசி மின்னூட்டிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. முடி உலர்த்தி, மின்கெண்டி போன்றவை பெரும்பாலும் இவ்வகையில் அடங்கா.

நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் ஓர் ஆபத்தான பழக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இருமுனைப் பிளக்கை நமது சாக்கெட்டில் செருகுவதற்காகச் சிலர் பேனாவையோ உணவுக்குச்சியையோ மேல்துளையில் நுழைக்கின்றனர். நமது பிளக்கின் மேல்முனை மற்ற இரு முனைகளைவிட நீளமானது. அது முதலில் நுழைந்து, கீழ்த்துளைகளை மூடியிருக்கும் தடுப்பை விலக்குகிறது. குழந்தைகளின் விரலோ கம்பியோ மின்சாரத்தைத் தொடாதிருக்கவே அத்தடுப்பு அமைக்கப்பட்டுள்ளது. பேனாவால் அதனைத் திறப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தம் கையாலேயே நீக்குகிறார். மேலும், பொருந்தாத முனை தளர்வாக நின்று தீப்பொறியை உண்டாக்கலாம். சில ரிங்கிட் விலையுள்ள அடாப்டர் இவ்விபத்தைத் தவிர்க்கும். அடாப்டரையும் மின்னூட்டியையும் வாங்கும்போது ‘சிரிம்’ முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது பாதுகாப்பானது.

எத்தனை மின்னூட்டி தேவை?

ஜார்ஜ்டவுனில் வாழும் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று திருமணத்திற்காக ஐந்து நாள் சென்னைக்குச் செல்வதாகக் கொள்வோம். அவர்களிடம் நான்கு திறன்பேசிகளும் ஒரு மடிக்கணினியும் உள்ளன. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மின்னூட்டி, கேபிள், அடாப்டர் என எடுத்தால் பதினைந்து பொருள்கள் சேரும். ஆளுக்கொரு பவர் பேங்க் சேர்த்தால் எண்ணிக்கை பத்தொன்பதாகும். மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் கைப்பையின் எடை 7 கிலோகிராமைத் தாண்டக்கூடாது என்பதை எண்ணிப் பார்த்தால், இச்சுமை சிறியதன்று.

இதனைக் குறைக்க ஒரு வாய்ப்பு இன்று உருவாகியுள்ளது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பு வடிவத்தை வைத்திருந்தது. இப்போது ‘யூ.எஸ்.பி. சி’ எனும் பொதுவடிவம் பரவியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய திறன்பேசிகள் இவ்வடிவத்தையே கொண்டிருக்க வேண்டும் எனும் விதி 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் உள்ளது. அதன் விளைவை மற்ற நாட்டுச் சந்தைகளிலும் காண முடிகிறது. எனவே, ஒரே மின்னூட்டி பல கருவிகளுக்குப் பயன்படுகிறது. காலியம் நைட்ரைடு எனும் குறைகடத்தியைப் பயன்படுத்தும் மின்னூட்டிகளில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் குறைவு. ஆகையால், அவை உருவில் சிறியனவாக இருந்தும் மடிக்கணினிக்குப் போதிய ஆற்றலைத் தருகின்றன.

மேற்கூறிய குடும்பத்திற்கு மூன்று துளைகள் கொண்ட 65 வாட் மின்னூட்டி ஒன்றும் 20 வாட் சிறு மின்னூட்டி ஒன்றும் போதும். இரவில் நான்கு திறன்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் மின்னூட்டலாம். பகலில் மடிக்கணினிக்கு மின்னூட்டலாம். மூன்று துளைகளையும் ஒருங்கே பயன்படுத்தினால் 65 வாட் ஆற்றல் பகிரப்படும். ஒவ்வொன்றுக்கும் 65 வாட் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகிய பின் மடிக்கணினி மெதுவாக மின்னேறுவதற்கு இதுவே காரணம்.

ஒரே மின்னூட்டியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். அந்த ஒன்று பழுதானாலோ விடுதியில் மறந்து விடப்பட்டாலோ நால்வரும் ஒருசேரத் தொடர்பை இழப்பர். ஆகவே, சிறு மின்னூட்டியை வேறொருவரின் பையில் வைப்பது நல்லது. சுமையைக் குறைக்கும்போது மாற்று ஏற்பாட்டையும் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது.

கேபிள்களிலும் வேறுபாடு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் யூ.எஸ்.பி. சி கேபிள்களில் சாதாரண வகை 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேற்பட்ட ஆற்றலை விரும்பும் மடிக்கணினிக்கு 100 வாட் அல்லது அதற்கு மேல் என்று குறிக்கப்பட்ட கேபிளை எடுக்க வேண்டும். பாட்டியின் பழைய திறன்பேசிக்கு வேறு முனை தேவைப்படலாம். அதற்கான கேபிளை மறவாமல் சேர்க்க வேண்டும்.

பவர் பேங்க்: கணக்கும் கட்டுப்பாடும்

பவர் பேங்கின் மேல் 10,000 அல்லது 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். விமான நிறுவனங்கள் கேட்கும் அளவோ வாட் மணி ஆகும். ஆம்பியர் மணியை மின்கலத்தின் மின்னழுத்தத்தால் பெருக்கினால் இவ்விடை கிடைக்கும். மின்கலத்தின் அழுத்தம் பொதுவாக 3.7 வோல்ட். ஆகவே, 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 10 × 3.7 = 37 வாட் மணி; 20,000 என்பது 74 வாட் மணி.

பயணிகள் 100 வாட் மணி வரையுள்ள பவர் பேங்கைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம் என்பது அனைத்துலக விமானப் போக்குவரத்தின் பொது விதி. 100 முதல் 160 வரையுள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன்அனுமதி தேவை. 160ஐ மீறியவற்றுக்கு அனுமதியில்லை. அளவு எதுவாயினும் சரக்குப் பகுதிக்கு அனுப்பும் பெட்டியில் பவர் பேங்கை வைக்கவே கூடாது.

இவ்விதி ஏன்? பவர் பேங்கினுள் லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன. அவற்றின் உட்பகுதியில் மின்காப்பு சிதைந்தால் குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டு வெப்பம் பெருகும். அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைத் தூண்டி, அடுத்த மின்கலத்திற்கும் தாவித் தீயாக மாறும். சரக்குப் பகுதியில் இது நேர்ந்தால் பணியாளர்கள் அங்குச் சென்று அணைக்க இயலாது. பயணிகள் பகுதியில் புகை உடனே கண்ணில் படும். நீரூற்றிக் குளிர்விக்கவும் முடியும்.

இது வெறும் அச்சமன்று. 2025 ஜனவரி 28ஆம் நாள் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றியது. விமானத்திலிருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். இருக்கைக்கு மேலுள்ள பொருள் அறையில் இருந்த பவர் பேங்கின் மின்காப்புச் சிதைவே காரணமாக இருக்கக்கூடும் என விசாரணையாளர் பின்னர் தெரிவித்தனர். இதனையடுத்துப் பல நிறுவனங்கள் விதிகளை இறுக்கின. மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகியவை 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்தில் பவர் பேங்கைப் பயன்படுத்துவதற்கும் அதற்கு மின்னூட்டுவதற்கும் தடை விதித்தன. விதிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதால் புறப்படும் முன் தத்தம் விமான நிறுவனத்தின் அறிவிப்பைப் படிப்பது கடமையாகும். உப்பிய, கீழே விழுந்து நசுங்கிய, எண்கள் அழிந்துபோன பவர் பேங்குகளை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

இனி, நமது குடும்பத்திற்கு எது போதும் என்று பார்ப்போம். 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட திறன்பேசியின் மின்கலம் ஏறத்தாழ 19 வாட் மணி கொள்ளும். மின்சாரத்தை மாற்றும்போது ஏறத்தாழ கால் பங்கு வெப்பமாக இழக்கப்படும் எனக் கொண்டால், 74 வாட் மணி பவர் பேங்கிலிருந்து சுமார் 55 வாட் மணியே பயன்படும். அது மூன்று திறன்பேசிகளை முழுமையாக நிரப்பும். அல்லது நான்கு திறன்பேசிகளுக்கு முக்கால் பங்கு அளிக்கும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் சென்று திரும்பும் ஒரு பகல் பொழுதுக்கு இது தாராளம். ஆளுக்கொன்று தேவையில்லை, ஒன்றே போதும்.

அடுக்குதலும் பயன்படுத்துதலும்

இப்போது பொருள்களை எண்ணிப் பார்ப்போம். மின்னூட்டி இரண்டு, அடாப்டர் இரண்டு, கேபிள் நான்கு, பவர் பேங்க் ஒன்று. மொத்தம் ஒன்பது. பத்தொன்பது ஒன்பதாகக் குறைந்துள்ளது. மாற்றாக எடுத்த சிறு மின்னூட்டி, அதற்குரிய அடாப்டர், கேபிள் ஆகிய மூன்றையும் ஒருவர் தம் பையில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய ஆறும் பென்சில் பை அளவுள்ள ஒரு சிறு பையில் அடங்கும். கேபிள்களைக் கூர்மையாக மடிக்காமல் வட்டமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். பையினுள் ஒரு சிறு அட்டையில் பொருள்களின் பெயர்களை எழுதி வைத்தால் விடுதியை விட்டுப் புறப்படும்போது எண்ணிச் சரிபார்க்க எளிதாக இருக்கும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்திய வீடுகளில் காணப்படும் சிறிய சாக்கெட் பொதுவாக 6 ஆம்பியர் தாங்கும். அதாவது 230 × 6 = 1,380 வாட். திறன்பேசி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு இதில் சிறு பகுதியே போதும். ஆனால், 2,000 வாட் மின்கெண்டியை அடாப்டர் வழியாக அதில் இணைத்தால் சாக்கெட்டும் அடாப்டரும் சூடேறித் தீப்பற்ற வாய்ப்புண்டு. மின்னூட்டுவதற்காக வாங்கிய அடாப்டரை அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்னூட்டும்போது கருவியைத் தலையணைக்கடியில் வைப்பதும் தவறு.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் மொழி. புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, பிளக்கின் வடிவம், மின்னூட்டியின் வோல்ட், பவர் பேங்கின் வாட் மணி ஆகிய மூன்றையும் சரிபார்த்துவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் பொருளை இழக்க நேராது. சென்னை விமான நிலைய வாயிலில் காத்திருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழைக்கவும் முடியும். நம்மோடு அதே விமானத்தில் பயணம் செய்யும் பிறரின் பாதுகாப்பும் அந்த அரை மணி நேரக் கவனத்தில் அடங்கியுள்ளது.