சிம்னி ஃபில்டரைக் கழுவி எத்தனை நாளாகிறது?

நம் பகுதியில் பிரியாணிக் கடை, சமோசாக் கடை, கேட்டரிங் என்று பல குடும்பங்களின் பிழைப்பு அடுப்பை நம்பியே இருக்கிறது. அந்த அடுப்புக்கு மேலே உள்ள சிம்னி ஃபில்டரை மட்டும் பலரும் மறந்துவிடுகிறோம்.

பொரிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி ஃபில்டரின் தகடுகளில் மோதிப் பிசுக்காகப் படிகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் புகை வெளியேறாது. அடுப்படியில் நிற்பவர்களுக்குக் கண் எரியும், மூச்சு முட்டும். அதைவிட ஆபத்து, இந்தப் பிசுக்கு தீப்பிடிக்கக்கூடியது. வாணலியில் எழும் தீ அதைப் பற்றிக்கொண்டு புகைக்குழாய் வழியே கூரை வரை போய்விடும்.

எனவே தினமும் பொரிக்கும் கடைகளில் வாரம் ஒருமுறையாவது ஃபில்டரைக் கழுவுங்கள். அடுப்பையும் ஃபேனையும் நிறுத்தி, சூடு ஆறிய பின் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். அலுமினிய ஃபில்டருக்குக் காஸ்டிக் சோடா போடாதீர்கள், அரித்துவிடும். நன்றாகக் காய்ந்த பின், தகடுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி மாட்டுங்கள். அப்போதுதான் எண்ணெய் கீழேயுள்ள தட்டில் வடியும். அந்தத் தட்டையும் தினமும் காலி செய்யுங்கள்.

ஃபில்டர் இல்லாமல் ஒரு வேளைகூடச் சமைக்க வேண்டாம். பிசுக்கு நேராகக் குழாய்க்குள் போய்ப் படியும். அங்கே நம் கை எட்டாது. இன்னொரு செட் வாங்கி வைத்தால், ஒன்று காயும்போது மற்றொன்று வேலை செய்யும்.